வெற்றிப் பேரவையின் நூறு சதவீதம்

எனக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. வயிறு அப்படி. பந்தியில் உட்கார்ந்தால் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வேன்; பாயசம் வருகிறபோது இலையை மூடிவிடுவேன். இருந்தும் கடந்த மூன்று ஆண்டுகளில் கல்லூரியின் சார்பாக ஒன்பது கல்யாணங்களுக்குப் போய்வந்திருக்கிறேன். மேடையேறி, போட்டோவுக்கு நின்று, பெண்ணின் கையில் ஓர் எவர்சில்வர் குடத்தைக் கொடுப்பேன். குடத்தின் கழுத்தில் 'மாணவர் வெற்றிப் பேரவை' என்று பெயர் வெட்டியிருக்கும்.

நீங்கள் கேட்டது குடத்தைப் பற்றி அல்ல, இன்ஸ்பெக்டர் மேடம். மார்ச் மாதம் மலையாண்டி என்பவருக்கு நான் பண்ணிய போனைப் பற்றி. அந்தப் போனுக்கும், ஏப்ரலில் காளையார்கோவில் சாலையில் முத்துக்கண்ணன் என்ற மாணவன் கார் மோதிச் செத்ததற்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். சொல்வதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர்தான். ஆனால் நான் மூன்று வாக்கியம் சொன்னால் அவர் ஒன்று எழுதுகிறார். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன். கேள்விக்கு நேராகப் பதில் எழுதாதவனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பேரவையிலிருந்து தொடங்காவிட்டால் பதில் முழுமையாகாது.

என் பெயர் சேவுகப்பெருமாள். காரைக்குடிக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர். எங்கள் தாளாளருடைய அப்பச்சி காலத்தில் குடும்பத்துக்குக் கடல் கடந்து லேவாதேவி. இவர் காலத்தில் கல்லூரி. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூரில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், கையோடு ஒரு பேனாவும் ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார். பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வார்த்தையை எங்கள் தலையில் இறக்கினார்.

"அங்க எல்லாக் காலேஜ்லயும் 'ஸ்டூடண்ட் சக்சஸ்'னு தனி ஆபீஸே வச்சிருக்காக. நம்மகிட்ட என்ன இருக்கு? கேண்டீன் இருக்கு" என்றார் ஆசிரியர் கூட்டத்தில்.

அந்த மாதமே பேரவை பிறந்தது. தொடக்க விழாவில் மேடையில் பதினோரு பேர். எதிரே மாணவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவர்களும் டவுன் பஸ் வராததால் நிழலுக்கு ஒதுங்கியவர்கள். ஐந்து முகக் குத்துவிளக்குக்கு எட்டுப் பிரமுகர்கள் என்பதால் மூன்று பேர் ஏற்கெனவே எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள். 'தோல்வி என்ற சொல் இனி நம் அகராதியில் இல்லை' என்று முதல்வர் முழங்கினார். நம் நூலகத்தில் அகராதியே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூலகர் என் காதோடு சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயரை அப்போதுதான் அறிவித்திருந்தார்கள்.

முதல் ஆண்டு உண்மையாகவே உழைத்தேன். மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தேன். நான்கு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு என்பதால் யாரும் இருக்கவில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தோம். அவர் எல்லாரையும் கண்ணை மூடி 'நான் ஜெயித்துவிட்டேன்' என்று நூறு தடவை சொல்லச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது பின்வரிசை காலியாக இருந்தது. ஆண்டு முடிவில் தேர்ச்சி அறுபத்தொன்றிலிருந்து அறுபத்து மூன்றானது.

"பேரவை இருக்கு. வெற்றி எங்கய்யா?" என்றார் முதல்வர்.

அந்த இரண்டு சதவீதத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று நான் உட்கார்ந்து பார்த்தேன். அழகி என்றொரு மாணவி. ஏழு தாள் அரியர் வைத்திருந்தவள். நடு ஆண்டில் கல்யாணம் ஆகிப் படிப்பை விட்டுப் போய்விட்டாள். திருமணத்தால் நின்றவள் தேர்வு எழுதியவர்களில் சேரமாட்டாள். தேர்வு எழுதியவர்களில் சேராதவள் தோற்றவர்களிலும் சேரமாட்டாள். வணிகவியல் படித்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே இருக்கும் எண்ணைக் கூட்டினாலும் விடை பெரிதாகும். கீழே இருக்கும் எண்ணைக் குறைத்தாலும் பெரிதாகும். மேலே கூட்டுவதற்கு ஆசிரியர், வகுப்பு, பஸ் எல்லாம் வேண்டும். கீழே குறைப்பதற்கு ஒரு போன் போதும்.

முதல் கல்யாணம் தானாக நடந்தது. இரண்டாவதற்கு விசாரித்தேன். மூன்றாவதிலிருந்து நானே பேசினேன்.

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பெண்ணின் தகப்பனாருக்குப் போன் போடுவேன். நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை, படிப்பு மட்டும் ஏறவில்லை, இங்கே இருந்து மனசு ஒடிவதைவிட நல்ல இடமாக வந்தால் முடித்துவிடலாமே என்பேன். பேராசிரியர் வீட்டுக்கே போன் போட்டுப் பேசுகிறார் என்பதிலேயே பாதி மனசு கரைந்துவிடும். விசாலி என்ற பெண்ணின் அப்பா, "நீங்களே சொல்லிட்டீக. இனி யாருகிட்ட யோசனை கேக்குறது?" என்று அடுத்த முகூர்த்தத்திலேயே முடித்தார். பையன்களுக்குக் கல்யாணம் சரிப்படாது, அவர்களுக்குத் திருப்பூர். வருத்தப்பட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் தோல்வி என்று யாருக்கும் பெயர் வரவில்லை. குடத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் யோசனை தாளாளர் வீட்டு ஆச்சியுடையது. படிப்பை விட்டுப் போனாலும் பிள்ளைகளைக் கல்லூரி மறக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் எண்பத்தொன்பது சதவீதம் வந்தது. பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். தாளாளர் பெரியதாக, முதல்வர் நடுத்தரமாக, நான் கைக்கடக்கமாக. மாணவர்கள் அடியில் ஒரு கோடாக இருந்தார்கள்.

பேரவையில் இரண்டு ஏற்பாடுகள் என் சொந்த யோசனை. இரண்டும் இந்த விஷயத்தில் வருகின்றன என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, ஆலோசனை அறை. பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து, ஒரு மேசை விசிறியும் இரண்டு நாற்காலியும் போட்டேன். மாணவர்கள் மனதில் இருப்பதை என்னிடம் வந்து சொல்லலாம். 'இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்' என்று நானே எழுதிய வாசகத்தை முதல்வர் சட்டம் போட்டு மாட்டினார்.

இன்னொன்று, வெற்றித் துணை. வகுப்பில் முதலாவதாக வருபவனைக் கடைசியாக இருப்பவரோடு சேர்த்து உட்கார வைப்பது. இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியவரோடு. முழுக்க மதிப்பெண்ணை வைத்துச் செய்த கணக்கு. ஊர், தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று எதையும் நான் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படித்தான் முத்துக்கண்ணனும் தீபலட்சுமியும் சேர்ந்தார்கள். நான்தான் சேர்த்தேன்.

முத்துக்கண்ணன் காளையார்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். தகப்பன் இல்லை. அம்மா கருப்பி வயல் வேலைக்கும், அது இல்லாதபோது நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அவன் எந்தத் தேர்விலும் எண்பத்தைந்துக்குக் கீழே வந்ததில்லை. கல்லூரி வாசலில் அவனுக்கு மட்டும் தனி ஃபிளெக்ஸ் வைத்தோம். "மொகத்தக் கொஞ்சம் சின்னதாப் போட்டுருக்கலாம் சார், எங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியல" என்றான்.

தீபலட்சுமி கொத்தமங்கலம் பக்கம். அப்பா மலையாண்டிக்கு நிலமும், வாடகைக்கு விடும் கதிரறுப்பு மிஷினும் உண்டு. அண்ணன் வேல்பாண்டி மிஷினைப் பார்த்துக்கொள்கிறான். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவளுக்கு ஐந்து தாள் அரியர். வாய் மட்டும் எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு.

"சார், இவன் பக்கத்துல உக்காந்தா அறிவு ஒட்டிக்கிருமா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒட்டாது. தேச்சாத்தான் ஏறும். உனக்கு உப்புத்தாளே வேணும்" என்றான் அவன்.

சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மதியம் உட்கார்ந்து படிப்பார்கள். தேய்மானம் என்றால் என்ன என்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒருநாள் நின்று கேட்டேன். நான் மூன்று வாரம் நடத்தியதை அவன் மூன்று நிமிஷத்தில் நடத்தினான்.

"ஒங்க அப்பாகிட்ட அறுப்பு மிஷின் இருக்குல்ல. வாங்குனப்ப ஒரு வெல. வருசா வருசம் ஓட ஓடக் கொறையும்ல. அதான்."

"எங்கப்பாகிட்ட வந்து ஒங்க மிஷினோட வெல கொறஞ்சுபோச்சுன்னு சொல்லிப் பாரு. ஒன் வெல என்னன்னு தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததாகத்தான் ஞாபகம்.

நவம்பரில் அவள் ஐந்து தாளையும் திரும்ப எழுதினாள். நான்கில் தேறிவிட்டாள். செலவுக் கணக்கியல் மட்டும் இரண்டு மதிப்பெண்ணில் போனது. மறுமதிப்பீட்டுக்குப் போடச் சொல்லி முத்துக்கண்ணன் அவளைப் பிடித்த பிடியில் விண்ணப்பித்தாள். அதன் முடிவு வர நாளாகும்.

ஜனவரியில் ஒருநாள் அவள் ஆலோசனை அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டீகள்ல?"

நான் சுவரில் மாட்டியிருந்த வாசகத்தைக் காட்டினேன். அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவளும் முத்துக்கண்ணனும் கல்யாணம் பண்ணிக்கொள்வதாக இருந்தார்கள். டிகிரி முடியட்டும், அவன் வேலைக்கு எழுதி ஏதாவது ஊருக்குப் போய்விடட்டும், பிறகு அங்கே பதிவுத் திருமணம் என்று தீர்மானித்திருந்தார்கள். அவள் படிப்பு நடக்கிற வரைக்கும் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்க மாட்டார்கள். படிப்பு நின்றால் எல்லாம் நிற்கும்.

"அவன் எங்க ஆளுக இல்ல சார். எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய அடிப்பான், அவ்வளவுதான். அவனத்தான் சார் உசுரோட விட மாட்டான். அதான் பயமா இருக்கு."

அவள் அழவில்லை. கைவிரலில் இருந்த மருதாணியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். நான் தண்ணீர் கொடுத்தேன். முதலில் நன்றாகப் படி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். தப்பான ஆலோசனை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் தரமதிப்பீட்டுக் குழு ஜூலையில் வரப்போவதாகக் கடிதம் வந்தது. தாளாளர் அறைக்கு அழைத்தார்.

"மத்த துறை எப்படியும் போகட்டும். பி.காம். பைனல் இயர் மட்டுமாச்சும் நூறு காட்டணும். ஃபிளெக்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"இன்னும் பரீட்சையே நடக்கலையே" என்றேன்.

"அதனால என்ன? ஒங்க பேரவை நடக்குதுல்ல?"

ஃபிளெக்ஸ் கடையில் வடிவம் போட்டு அனுப்பியிருந்தார்கள். நூறு என்ற எண் ஆளுயரத்தில் இருந்தது. இரண்டு சுழியிலும் ஆளுக்கொரு படம்: ஒன்றில் தாளாளர், ஒன்றில் முதல்வர். ஒன்று என்ற எண்ணின் காலடியில் நான்.

வகுப்பில் மிஞ்சியிருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தீபலட்சுமியின் ஒரு தாள்தான். இரண்டு மதிப்பெண் வந்தாலும் வரும், வராமலும் போகும். அவள் ஒருத்தியால் அது தொண்ணூற்றேழு சொச்சம் ஆகிவிடும். தொண்ணூற்றேழு சொச்சத்தில் சுழிகள் இல்லை. படங்களை எங்கே வைப்பது?

மார்ச் முதல் வாரம் மலையாண்டிக்குப் போன் போட்டேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மற்ற தகப்பன்மார்களைப் போல அவர் கரையவில்லை.

"இல்ல சார். அது படிச்சே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது. எங்க வகையறாவுல பொம்பளப் புள்ளைக யாரும் டிகிரி வாங்குனதில்ல. ஒண்ணுல போனா என்ன சார், மறுவாட்டி எழுதட்டும். மாப்பிள எங்க ஓடிறப் போறான்?"

அப்படி ஒரு தகப்பனை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. இப்போதும் இருக்கிறது. அவரை உங்கள் லாக்கப்பில் பார்த்தபோது எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பேசினேன். ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று சொன்னேன். முத்துக்கண்ணன் பெயரைச் சொன்னேன். இதுதான் நீங்கள் கேட்ட போன்.

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எந்தூர் சார்?" என்றார். ஊரைச் சொன்னேன். "யாரு மகன்?" கருப்பி மகன் என்றேன். "அந்தூருக்கு அறுப்புக்கு மிஷின் கொண்டு போயிருக்கேன்" என்றார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல் சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து தீபலட்சுமி கல்லூரிக்கு வரவில்லை. வாரக் கடைசியில் அவளுடைய உறவுக்காரர் ஒருவர் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். ஜாதகம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். காரணம் திருமணம் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். முப்பத்தெட்டு முப்பத்தேழானது. அடுத்த குடத்துக்குப் பாத்திரக்கடையில் சொல்லிவைத்தேன்.

முத்துக்கண்ணன் என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். இளைத்திருந்தான்.

"சார், தீபலட்சுமி ஏன் வரல? போனும் எடுக்கல. ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

"வீட்டில் ஏதோ விசேஷம் போல. நீ பரீட்சையைப் பார்" என்றேன்.

"அங்கிட்டுப் போய் ஒருவாட்டி பாத்துட்டு வந்துரவா சார்?"

"இப்போது வேண்டாம். எழுதி முடி. பிறகு உன் இஷ்டம்."

அவன் என் பேச்சைக் கேட்கிற மாணவன். போகவில்லை. எல்லாத் தாளையும் எழுதினான். கடைசிப் பரீட்சை அன்று மதியம், மண்டபத்தை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றான்.

"நல்லா எழுதிருக்கேன் சார். நாளைக்கு கொத்தமங்கலம் போறேன். யாரு என்ன சொன்னாலும் கேக்கப் போறதில்ல."

"இன்றைக்கு நேரே வீட்டுக்குப் போ. அம்மா காத்துக்கொண்டிருப்பார்கள்" என்றேன்.

சிநேகிதன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகத்தான் போனான். கார் அவனைப் பின்னாலிருந்து அடித்தது. முதலில் விபத்து என்றுதான் எழுதினீர்கள். காரை ஒரு வைக்கோல் கொட்டகையில் கண்டுபிடித்த பிறகு வேல்பாண்டியையும் மலையாண்டியையும் பிடித்தீர்கள். அந்த விவரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். முதல்வர் எழுதிவைத்துப் படித்தார். பக்கம் மாறிப்போய், 'இம்மாணவர் மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன்' என்று முடித்தார். யாரும் திருத்தவில்லை. வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கடைக்காரரிடம் அவன் படம் ஏற்கெனவே இருந்ததால் எழுத்தை மட்டும் மாற்றினார். அதே சட்டை, அதே சிரிப்பு.

கருப்பி ஒருநாள் வந்தார். என் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எம் மகன் பாசாயிட்டானா சார்?"

"இன்னும் முடிவு வரலைம்மா. கண்டிப்பாப் பாஸ்தான்."

"நல்லா எழுதுனேன்னு மதியமே போன்ல சொன்னான். கொழம்பு வச்சிருந்தேன்." கல்லூரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வீட்டுல அவன் போட்டோ ஒண்ணுகூட இல்ல சார். வாசல்ல வச்சிருந்தீகளே, அதக் குடுப்பீகளா?"

வாட்ச்மேனை விட்டு ஃபிளெக்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். நான் கொடுத்தது வெற்றி ஃபிளெக்ஸ். அஞ்சலி ஃபிளெக்ஸ் அல்ல. அதில் எனக்குக் கவனம் இருந்தது. அவர் அதைத் தரையில் விரித்துப் பார்த்தார். "எம்புட்டுப் பெரிசு. வீட்டுக்குள்ள கொள்ளாதே" என்றார். பிறகு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வாரமே மறுமதிப்பீட்டு முடிவும் வந்தது. தீபலட்சுமிக்கு ஒன்பது மதிப்பெண் கூடியிருந்தது. செலவுக் கணக்கியலில் தேறியிருந்தாள். வேப்பமரத்தடிப் படிப்பு பலித்துவிட்டது. அதாவது, நான் போனே பண்ணாமல் இருந்திருந்தாலும் அந்தத் தாளால் எங்களுக்குக் குறை வந்திருக்காது. இதைத் துறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் உண்மையைச் சொன்னால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வெற்றித் துணைத் திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அவள்தான் முதல் சான்று. மதிப்பீட்டுக் குழுவிடம் அதைக் காட்ட முடியாமல் போயிற்று.

இதுவரை நான் எழுதியது மலையாண்டியும் சொல்லியிருக்கக்கூடியதுதான். இனி எழுதப்போவது அவருக்குத் தெரியாது. என் மனைவி சந்திரலேகாவுக்குத் தெரியும். அவள் உங்களிடம் வந்து பேசினாள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவள் அறைக்குப் போய்விடுகிறாள்.

அந்த இரண்டாவது போன் மலையாண்டியோடு முடியவில்லை. வேல்பாண்டி போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வந்துவிட்டான். அவன் சத்தம் போடவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"சார், அந்தப் பய எப்பிடி வந்து போவான்? பஸ்ஸா, வண்டியா?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் தொழில். அநேகமாகச் சிநேகிதன் வண்டி, சாயங்காலம் காளையார்கோவில் ரோடு என்றேன்.

"சரி சார். நாங்க பாத்துக்கிறோம்."

நான் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். ஓர் அண்ணன் அந்த வார்த்தையை அந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீபலட்சுமி ஏற்கெனவே விளக்கியும் இருந்தாள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவசரப்படாதீங்க தம்பி. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மதியத்தோட அவனுக்குக் கடைசிப் பரீட்சை முடியுது. அதுவரைக்கும் அவனை ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்றேன்.

அவன் யோசித்தான். "சரி சார், நீங்க சொல்றீக" என்றான்.

கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சந்திரலேகா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, யார என்ன செய்யப் போறாக?" என்றாள். கல்லூரி விஷயம் என்றேன். அது பொய் இல்லை. ஹால் டிக்கெட் வாங்கிய மாணவன் ஒரு தாளுக்கு வராமல் போனாலும் தோல்விதான். ஏன் வரவில்லை என்று கணக்கு கேட்காது. காய்ச்சலாக இருக்கலாம், கார் மோதியிருக்கலாம். முப்பத்தேழில் ஒன்று போய்விடும். அதுவும் முதலாவதாக வருகிறவன்.

வேல்பாண்டியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். பரீட்சை நடந்த அத்தனை நாளும் முத்துக்கண்ணன் ஒரு கீறல் இல்லாமல் வந்தான், எழுதினான், போனான். நான் கேட்டிராவிட்டால் அவனுக்கு அந்த நாட்களே கிடைத்திருக்காது. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நேற்று முடிவுகள் வந்துவிட்டன. எழுதிய எல்லாத் தாளிலும் அவன் முதல் வகுப்பு. என் பொறுப்பில் இருந்த ஒரு மாணவன் தோற்றுப்போனான் என்று மட்டும், மேடம், தயவுசெய்து எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.